காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா: எல்லையோர விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், முதலமடை பக்கம் கடலையோ மரவள்ளியோ போட்டவர்களுக்குப் பன்றியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தளூர், மறையூர் பக்கத்திலும் இதே கதைதான். பயிர்க்காவலுக்கென்று புதிதாகத் துப்பாக்கி உரிமம் எடுத்தவர்கள் கடையில் போய் முதலில் கேட்பது, “நல்லா விரிஞ்சு விழற தோட்டா குடுங்க” என்பதுதான். ராத்திரி, இருட்டு, ஓடுகிற பன்றி. விரிந்து விழுந்தால் ஏதாவது ஒன்று படும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. படுகிற ஒன்றிரண்டு குண்டுகள் பன்றியைக் கொல்லாது. வயிற்றில் காயத்தோடு அது புதருக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகும், அல்லது விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் மேல் பாயும். பன்றிக்கு வேண்டியது எடை. ஒரே குண்டு, கனமான குண்டு, கிட்டத்திலிருந்து. இந்தக் கட்டுரை அதைச் சுற்றித்தான்.

முதலில் காகிதம்

கேரளப் பக்கம் நிலம் உள்ளவர்களுக்கு வழி இருக்கிறது. 2022 மே மாதம் முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. அந்த உத்தரவு காலவரையறை உள்ளது. நீட்டித்து நீட்டித்துத்தான் வருகிறது. அதனால் போன வருடம் வாங்கிய அனுமதியை நம்பி இந்த வருடம் இறங்காதீர்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: உத்தரவு இப்போது நடப்பில் உள்ளதா, சுடுபவர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ளதா, எந்த வார்டுக்கு, எந்தத் தேதி வரை அனுமதி. பதிலை எழுத்தில் வாங்குங்கள். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் எந்த அனுமதியிலும் கிடையாது. 2020 மே மாதம் இதே பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைத்த பொறி பன்றியை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. வேலிக் கம்பியில் நேரடியாகக் கரண்டு விடுவது அதைவிட மோசம். அதில் சாகிறவர் பெரும்பாலும் வேலி போட்டவருக்குத் தெரிந்த ஆளாகவே இருப்பார்.

தமிழ்நாட்டுப் பக்கம் சட்டம் வேறு. 2025 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள்தான். விவசாயி சுடக்கூடாது. எல்லையோரத்தில் பலருக்குத் தோட்டம் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. வரப்புத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், அனுமதி செல்லாது. துப்பாக்கி உரிமத்திலும் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். பாலக்காடு மாவட்டம் என்று இருந்தால், கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் துப்பாக்கியோடு தாண்டுவதே குற்றம். அடிபட்ட பன்றி வரப்பைத் தாண்டி ஓடினால் பின்னாலேயே துப்பாக்கியோடு போகாதீர்கள். வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

உரிமம் இன்னும் எடுக்காதவர்களுக்குச் சுருக்கமாக: வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஏ-1 படிவத்தில் மாவட்ட நிர்வாகத்துக்கு விண்ணப்பம், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, மருத்துவச் சான்று, நிலத்தின் ஆவணங்கள், பிறகு போலீஸ் விசாரணை. 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கு முதலில் நினைப்பது குழல்வாய் வழியே மருந்து திணிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் உள்ள வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். எனவே விண்ணப்பத்தில் ‘பயிர்ச்சேதம்’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள். என்ன பயிர், எத்தனை சென்ட் அழிந்தது, எந்தத் தேதியில் வனத்துறைக்கு மனு கொடுத்தீர்கள் என்பதை இணையுங்கள். நாட்டுத் துப்பாக்கி ஏன் போதாது என்பதை அந்தத் தாள்கள்தான் சொல்லும்.

துப்பாக்கியைப் படித்துப் பாருங்கள்

நம் பக்கம் பெரும்பாலும் கைமாறி வந்த 12 போர் டபுள் பேரல்தான், அதாவது 12 என்ற அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி. தோட்டா வாங்கும் முன் குழலைக் கழற்றி அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். சோதனை முத்திரைகளுக்கு நடுவே 65 அல்லது 2½, 70 அல்லது 2¾ என்று ஓர் எண் இருக்கும். அதுதான் சேம்பரின், அதாவது குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையின் நீளம். எல்லாவற்றையும்விட முக்கியமான எண் அது.

தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம், சுட்டு முடிந்து அதன் வாய் விரிந்த பிறகு வரும் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் 70 எம்எம் தோட்டா 65 எம்எம் சேம்பருக்குள் இடறாமல் போய் உட்காரும், துப்பாக்கியும் சுகமாக மூடும். சுடும்போதுதான் வினை. தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் மடியும், குண்டு அந்த நெருக்கலுக்குள் பிதுங்கிப் போக வேண்டும், அழுத்தம் ஏறும். ஒரே வெடியில் குழல் பிளக்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும், குழலைப் பின்கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு தளர்ந்துகொண்டே வரும். “மூடுது, சரியாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முத்திரை தேய்ந்திருந்தால் உரிமம் உள்ள கடையில் அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பூட்டு. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் பின்கட்டையைப் பிடித்து லேசாக உலுக்குங்கள். குழல் ‘கடக் கடக்’ என்று ஆடினால் அது கனத்த குண்டுக்கான துப்பாக்கி அல்ல. குழலின் வெளிப்புறத்தில் பாய் பின்னியது போலவோ அலையலையாகவோ கோடுகள் தெரிந்தால் அது இரும்பு நாடாவை முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துப் பொருள். இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. பத்திரமாக எடுத்து வையுங்கள், சுடாதீர்கள்.

குழலுக்குள் வெளிச்சம் பாருங்கள், ஒவ்வொரு முறையும். சுவரில் மாட்டி வைத்த துப்பாக்கியில் மண்குளவி கூடு கட்டும். குழலின் வாயிலிருந்து நாலு விரல் ஆழத்தில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு மண் அடைப்பு. மேலிருந்து பார்த்தால் குழலின் நிழல் போலத்தான் தெரியும். பின்பக்கம் திறந்து வானத்தைப் பார்த்தால்தான் வட்டம் முழுசாக இல்லை என்பது புரியும். அந்த அடைப்போடு சுட்டால் குழல் அந்த இடத்தில் உப்பும் அல்லது கிழியும். உங்கள் இடது கை அந்த வழியில்தான் இருக்கும்.

இன்னொன்று. வீட்டில் 12 போரைவிட மெல்லிய 20 போர் தோட்டா எதுவும் இருக்கக்கூடாது. அது 12 போர் சேம்பருக்குள் வழுக்கிப் போய், முன்னால் குழலில் சிக்கி நிற்கும். பார்த்தால் சேம்பர் காலி. பின்னாலேயே 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே அதற்காகத்தான்.

எடை என்ன செய்கிறது

12 போர் என்றால் என்ன? குழலின் விட்டத்துக்கு ஈய உருண்டை வார்த்தால் ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை வரும். ஓர் உருண்டை ஏறத்தாழ 38 கிராம். இனிச் சன்னங்கள், அதாவது ஒரே தோட்டாவுக்குள் பலவாக அடைத்த சின்ன உருண்டைகள். எல்ஜி, எஸ்ஜி, ஏஏஏ, பிபி என்பவை பெரியதிலிருந்து சின்னது வரை அவற்றின் அளவுப் பெயர்கள். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்தில் எல்ஜி 6, எஸ்ஜி 8, ஏஏஏ 35, பிபி 70. ஒற்றைக் குண்டின் எடையாக மாற்றினால் எல்ஜி 4.7 கிராம், எஸ்ஜி 3.5 கிராம், ஏஏஏ 0.8 கிராம், பிபி 0.4 கிராம். ஒற்றைக் குண்டுத் தோட்டாவில் அந்த 28 கிராமும் ஒன்றாகவே போகிறது.

வளர்ந்த ஆண் பன்றியின் தோள்மேல் தோலுக்கடியில் மரத்துப்போன குருத்தெலும்பு போல ஒரு தட்டு இருக்கும். அதன்மேல் சொரசொரப்பான முடி, முடிமேல் காய்ந்த சேறு. பிபி அங்கேயே நின்றுவிடும். ஏஏஏ தோலைத் தாண்டும், இதயத்தை எட்டாது. எஸ்ஜி கிட்டத்தில் எட்டும், தள்ளிப்போனால் எட்டாது. சின்ன உருண்டை காற்றிலேயே வேகத்தை இழக்கும். கனத்த குண்டு வேகம் சற்றுக் குறைந்தாலும் தன் போக்கை விடாது. எலும்பில் பட்டாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ரிவால்வர் வைத்து வேட்டையாடும் அமெரிக்கர்கள் கண்டுகொண்டதும் இதைத்தான். 1955-இல் வந்த .44 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கு வழக்கமான குண்டு 240 கிரெய்ன், அதாவது 15.5 கிராம். பெரிய மிருகத்துக்குப் போகிறவர்கள் 300 கிரெய்னுக்கு, 19 கிராமுக்கு ஏறினார்கள். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆழத்தை வாங்கினார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிலர் தற்காப்புக்கு வைத்திருக்கும் கான்பூர் .32 ரிவால்வரைத் தோட்டத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அதன் குண்டு 6 கிராம் சொச்சம், வேகமும் குறைவு. பன்றிக்குக் கோபம் மூட்டத்தான் அது உதவும். அந்த உரிமம் தரப்பட்ட காரணமும் வேறு.

விரிந்து விழுவதன் கணக்கு

பழைய கைக்கணக்கு: சன்னம் ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும். 30 கஜத்தில் 30 அங்குலம், அதாவது 75 சென்டிமீட்டர் வட்டம். பன்றியின் உயிர்நிலை, இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு; 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 75-க்கு 20 வட்டம் பரப்பில் 7 சதவீதம். எட்டு ஒன்பது எஸ்ஜி குண்டுகளில் அந்தத் தட்டில் விழுவது ஒன்றுகூட நிச்சயமில்லை. 15 கஜத்தில் வட்டம் 38 சென்டிமீட்டர். அப்போது இரண்டு அல்லது மூன்று விழும். சோக், அதாவது வாய்ப்பக்கக் குறுகல், இறுக்கமாக உள்ள குழல் இன்னும் கொஞ்சம் கூட்டித் தரும். எஸ்ஜியோ எல்ஜியோ எடுத்தால் 15 கஜம்தான் எல்லை. அதற்கு மேல் ஒற்றைக் குண்டு. ஒற்றைக் குண்டுக்கும் 40 கஜத்துக்கு மேல் வேண்டாம். பெரும்பாலான டபுள் பேரலில் குறி பார்க்கக் குழல் நுனியில் ஒரு மணிமுனை (சின்ன உருண்டை) மட்டும்தான் உண்டு.

ஒற்றைக் குண்டில் இரண்டு வகை. குழல் அளவுக்கே உள்ள முழு உருண்டை. பக்கத்தில் வரி வெட்டி, பின்பக்கம் குழிவாக உள்ள குண்டு. முழு உருண்டை சோக் உள்ள குழலில் கூடவே கூடாது. முழு சோக் என்றால் குழலின் வாய் உள்ளளவைவிட ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறுகல். ஈய உருண்டை அங்கே நசுங்கிப் பிதுங்கினால் குழலின் வாய் உப்பும். வரிக் குண்டு நசுங்கிக் கொடுக்கும்படி செய்தது. அதையும் சோக் குறைந்த குழலிலேயே சுடுங்கள். டபுள் பேரலில் வழக்கமாக அது வலது குழல், முன் விசை. ஆனால் கைமாறி வந்த துப்பாக்கியில் வழக்கத்தை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

தோட்டாவை வீட்டில் பிரித்து, உள்ளிருக்கும் சன்னத்தைக் கொட்டிவிட்டு மெழுகோ உருக்கிய ஈயமோ ஊற்றி ‘குண்டு’ செய்யும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மருந்தும், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்பும், எடையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துத் தொழிற்சாலையில் அடைத்தவை. ஒன்றை மாற்றினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சட்டப்படியும் தப்பு. புனே அருகே கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலையின் தோட்டாவோ உரிமக் கடையில் கிடைக்கும் வேறு தோட்டாவோ, பெட்டி பிரிக்காமல் வாங்கி அப்படியே பயன்படுத்துங்கள்.

காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

தோட்டத்தில் வைத்து அல்ல; ரைஃபிள் சங்கத்தின் சுடுதளத்தில், அனுமதியோடு. ஒரு மீட்டர் சதுரக் காக்கித்தாள், நடுவே கறுப்புப் பேனாவால் 20 சென்டிமீட்டர் வட்டம். வலது குழலில் மூன்று குண்டு 20 கஜத்திலிருந்து, இன்னொரு தாளில் இடது குழலில் மூன்று. தாளின் மூலையில் குழல், தோட்டாவின் பெயர், தூரம், தேதி எழுதுங்கள். டபுள் பேரலின் இரண்டு குழல்களும் இணையாக இருப்பதில்லை. சன்னம் ஒரே இடத்தில் போய்ச் சேரும்படி உள்நோக்கிச் சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள். ஒற்றைக் குண்டு சுடும்போது வலது குழல் வலப்பக்கமோ, இடது குழல் குறுக்கே தாண்டியோ போகலாம். அரை அடி வித்தியாசம் சாதாரணம். ஒரு குழல் வட்டத்துக்குள் மூன்றையும் வைத்து, இன்னொன்று வைக்கவில்லை என்றால் குண்டுக்கு அந்த ஒரு குழல் மட்டும்தான்.

எல்லா ஓட்டையும் மேலே விழுந்தால் பெரும்பாலும் நீங்கள் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்குகிறீர்கள். கனத்த குண்டின் உதை தெரிந்தவுடன் தலை தானாகத் தூக்கும். கட்டையைத் தோள்குழியில் அழுத்தி, கன்னத்தை ஒட்டவைத்து, மூச்சை விட்டபிறகு விசையை இழுங்கள். மூன்றாவது குண்டுக்கு மேல் தோள் வலித்தால் அன்றைக்குப் போதும். வலிக்குப் பயந்த விரல் விசையைச் சுண்டும், குண்டு கீழே போகும்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழல்வாயைப் பாதுகாப்பான பக்கமே நீட்டியபடி 30 வரை நிதானமாக எண்ணிவிட்டுத் திறங்கள். வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘புஸ்’ என்று வந்ததா? அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள். குண்டோ அடைப்போ குழலுக்குள் நின்றிருக்கலாம். மழை ஈரம் ஏறிய தோட்டாவில் இது நடக்கும்.

குண்டு எங்கே போய் நிற்கும்

உருண்டைச் சன்னம் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 80-ஆல் பெருக்கினால் தோராயமாக மீட்டர். 4.1 மில்லிமீட்டர் பிபி 330 மீட்டர். 8.4 மில்லிமீட்டர் எஸ்ஜி 670 மீட்டர். குழல் அளவு உருண்டை 1,400 மீட்டருக்கு மேல். கனத்த குண்டை எடுத்த கையோடு இந்தப் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. நம் ஊரில் 1,400 மீட்டருக்குள் வீடு இல்லாத திசை கிடையாது.

அதனால் பரண். தரையில் நின்று சுடுகிறவரின் துப்பாக்கி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். 30 மீட்டரில் நிற்கும் பன்றியின் முதுகை, 80 சென்டிமீட்டர் உயரத்தை, உரசித் தப்பிய குண்டு இன்னும் 34 மீட்டர் போய்த்தான் மண்ணைத் தொடும். தொடும் சாய்வும் மிகக் குறைவு, கல்லில் பட்டால் துள்ளி எழும். துப்பாக்கி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே குண்டு பன்றியைத் தாண்டி 11 மீட்டரில் மண்ணுக்குள் போய்விடும். தென்னை மரத்தில் சாய்த்துக் கட்டிய ஏணி வேண்டாம்; நாலு கால் நட்டு, உட்கார்ந்து கையூன்றக் குறுக்குக் கம்பு வைத்த பரண் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் துப்பாக்கி காலி. கயிற்றில் கட்டி, குழல்வாய் கீழ்நோக்கி, மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

பகலிலேயே பரணில் உட்கார்ந்து எந்தத் திசையில் சுடக்கூடாது என்று முடிவு செய்து, அந்தப் பக்கக் கால்களில் வெள்ளைத் துணி கட்டுங்கள். இருட்டில் அந்தத் துணிக்கு அப்பால் குழல் போகக்கூடாது. டார்ச்சில் கண் மின்னினால் அது சுடுவதற்கான அடையாளம் அல்ல. மாட்டுக்கும் நாய்க்கும் மானுக்கும் கண் மின்னும். முழு உடல் தெரிய வேண்டும். பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலின் பின்கோட்டோடு மேலே வந்து, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி. பன்றியின் இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கிறது. நடு உடம்பில் சுட்டால் வயிறுதான். குட்டிகளோடு வரும் தாயை விடுங்கள். முள்ளம்பன்றிக்கும் மானுக்கும் உங்கள் கையில் உள்ள அனுமதி செல்லாது.

பன்றி விழுந்தாலும் விழாவிட்டாலும் உடனே மறு தோட்டா போட்டு அரைமணி நேரம் பரணிலேயே இருங்கள். ஓடிய பன்றியை ராத்திரியில் தேடப் போகாதீர்கள். விடிந்து, ஆட்களோடு, வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இறந்ததைப் புதைக்க வேண்டும். இறைச்சி எடுத்தால் அனுமதி வாங்கிய அத்தனையும் வீண், வழக்கு வரும். 2022-இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் உங்கள் செருப்பில் ஒட்டிய ரத்தம் பக்கத்துப் பன்றிப் பண்ணையைக் காலி செய்துவிடும். கையுறை போட்டுப் புதையுங்கள், செருப்பைக் கழுவுங்கள்.

ஜூன் மாதத்து ஈரம்

பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மழையும் வரும் நாலு மாதம் துப்பாக்கிக்கு ஆகாத காலம். சுட்ட அன்றைக்கே குழலைக் கழற்றி, பித்தளைத் தூரிகையை சேம்பர் பக்கமிருந்து உள்ளே விட்டு இருபது தடவை. பிறகு துணி வெள்ளையாக வரும்வரை. ஒற்றைக் குண்டு சுட்ட குழலின் வாய்ப்பக்கம் ஈயம் பூசினாற்போல் சாம்பல் கோடு தெரியும். அது போகிறவரை தூரிகையை விடாதீர்கள். கடைசியில் துப்பாக்கி எண்ணெய் மெல்லிய பூச்சாக. தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறைந்து விசையைப் பிடித்துக்கொள்ளும். துணி உறையில் மூடி வைப்பதும் வேண்டாம், உறை ஈரத்தை உறிஞ்சித் துப்பாக்கிக்குக் கொடுக்கும்.

தோட்டாவைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, துப்பாக்கியிலிருந்து தனியே பூட்டி வையுங்கள். அட்டைத் தோட்டா ஈரத்தில் உப்பி சேம்பருக்குள் போகாமல் நின்றால் தேய்த்தோ அழுத்தியோ நுழைக்காதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, முந்தின ராத்திரி வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் பூசுங்கள். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்குங்கள். திரும்ப வாங்கியதும் வாசலிலேயே குழலைத் திறந்து வானத்தைப் பாருங்கள். குளவிக்கு அத்தனை நாள் போதும்.